எண்ணின் குணமா, எழுத்தின் குணமா?

புனேயின் கேம்ப் பகுதிக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் முகவரியின் கடைசியில் 411001 என்று போடுவார்கள். ஸ்ரீராம் பிகாஜி வேலண்கர் வகுத்த பின்கோடு முறை 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அதில் முதல் இலக்கம் மண்டலத்தைச் சொல்லும். முதல் மூன்றும் சேர்ந்து 411 என்றால் புனே வட்டாரம். கடைசி மூன்று இலக்கங்கள் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தைச் சொல்லும். தபால்காரருக்கு வேண்டிய செய்தி எல்லாம் இந்த ஆறு இலக்கங்களின் வரிசையில் இருக்கிறது. இதே எண்ணை எட்டின் அடிமானத்தில், அதாவது எண்ம முறையில் எழுதினால் 1442571 என்று வரும். மண்டலத்தைச் சொன்ன 4 முதலிடத்தில் இல்லை, 001 என்ற வாலும் இல்லை. ஆனால் அளவு மாறவில்லை. அத்தனை கூழாங்கற்களைக் குவித்தால் இரண்டு எழுத்துக்கும் ஒரே குவியல்தான். இதிலிருந்து இந்த அத்தியாயத்தின் கேள்வி பிறக்கிறது. ஒரு முழு எண்ணைப் பற்றி நாம் வியந்து சொல்பவற்றில் எவை எண்ணுக்கே உரியவை, எவை அதை எழுதிய விதத்துக்கு உரியவை? எண்ம முறையைக் கற்பதன் பெரிய பயன் கணினிக்காக என்று பலர் நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய பயன், இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கும் கண் கிடைப்பது என்பது என் துணிபு.

முதலில் கைவேலை. எண்ணை எட்டால் வகுத்து மீதியை எழுதிக்கொள்ளுங்கள். ஈவை மறுபடி எட்டால் வகுங்கள். ஈவு பூஜ்யமாகும் வரை இப்படியே போங்கள். 411001-ஐ எட்டால் வகுத்தால் ஈவு 51375, மீதி 1. அதை வகுத்தால் 6421, மீதி 7. பிறகு 802, மீதி 5. 100, மீதி 2. 12, மீதி 4. 1, மீதி 4. கடைசியில் 0, மீதி 1. மீதிகளைக் கீழிருந்து மேலாகப் படித்தால் 1442571. எண்மத்தில் எழுதியவற்றை அடையாளம் காட்ட, இனி முன்னால் ‘எ’ போடுகிறேன்: எ-1442571. இந்த அடையாளம் அலங்காரத்துக்கு அல்ல. 411001 என்ற எழுத்தில் 8, 9 இல்லாததால் அதையே யாராவது எண்மமாகப் படித்துவிட முடியும். அப்படிப் படித்தால் அது 135681 ஆகிவிடும். சி மொழியில் 010 என்று எழுதினால் கணினி அதை எட்டு என்றே எடுத்துக்கொள்ளும். பைத்தான் மொழியின் மூன்றாம் பதிப்பு இந்தக் குழப்பத்துக்கு அஞ்சித்தான் எண்மத்துக்கு 0o என்ற தனி முன்னொட்டைக் கட்டாயமாக்கியது. எந்த அடிமானம் என்று சொல்லாத எண் அரைகுறை எண். குறிப்பேட்டில் எழுதும்போதும் இந்தப் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

எட்டு எட்டாக எண்ணுவது எங்கிருந்தோ வந்த அந்நிய வழக்கம் என்று நினைக்க வேண்டாம். 1817-ல் கிர்க்கிப் போர் முடிந்து பிரிட்டிஷ் படை இறங்கிய முகாம்தான் கேம்ப் என்ற ஊர்ப்பகுதியாக வளர்ந்தது. அதன் கடைத்தெருவில், 1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசா வரும்வரை, ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 4 காலணா. ஆக ஒரு ரூபாய் 64 காலணா, அதாவது எ-100. இரண்டணாக் காசு 8 காலணா, அதாவது எ-10. மூன்று ரூபாய் ஆறணா மூன்று காலணாவை எண்மத்தில் எழுத எந்தக் கணக்கும் போட வேண்டாம்: மூன்று ரூபாய், மூன்று இரண்டணா, மூன்று காலணா, எ-333. (அணாவுக்கு 12 தம்பிடி என்ற இன்னொரு பிரிவு இருந்தது, காலணாவுக்குக் கீழே மூன்றால் வகுத்ததால் எட்டின் ஒழுங்கு அங்கே அறுந்துபோகிறது.) தமிழ்நாட்டின் முகத்தலளவையிலும் 8 ஆழாக்கு ஒரு படி, 8 படி ஒரு மரக்கால், மரக்காலுக்கு 64 ஆழாக்கு. பாதி, பாதியில் பாதி, அதிலும் பாதி என்று பிரிப்பது கைக்கு எளிது. மூன்று முறை பாதியாக்கினால் எட்டில் ஒன்று, நம் வாய்பாட்டின் அரைக்கால்.

அவ்வளவு வசதி என்றால் ஏன் கைவிட்டோம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நாணயம் எட்டின் வழியில் போனது, பேரேடு பத்தின் வழியில் எழுதப்பட்டது. சிக்கல் இந்தப் பொருத்தமின்மையில்தான் இருந்தது. காலணாக்களைப் பத்தின் முறையில் கூட்டி, நாலால் வகுத்து அணாவாக்கி, பதினாறால் வகுத்து ரூபாயாக்கி, மீதிகளைத் தனித்தனிப் பத்தியில் இறக்க வேண்டியிருந்தது. பேரேட்டையும் எட்டின் முறையிலேயே எழுதியிருந்தால் வெறும் கூட்டலே போதும். ஆனால் அப்படி எழுத ஒரு நாடு முழுக்கத் தன் வாய்பாட்டை மாற்ற வேண்டும். எழுத்தை மாற்றுவதைவிட நாணயத்தை மாற்றுவது எளிது, அதனால் நாணயம் மாறியது. 64 என்ற எண்ணிடம் எந்தக் குறையும் இல்லை. எழுத்துக்கு உரிய தொல்லையை எண்ணின் மேல் ஏற்றிச் சொல்லும் வழக்கத்துக்கு இதைவிட நல்ல சான்று நம் பொருளாதார வரலாற்றில் அரிது.

இனி எண்மம் எதைக் காட்டித் தருகிறது என்று பார்ப்போம். ஒற்றைப்படை எண்களின் வர்க்கங்களை எண்மத்தில் எழுதிப் பாருங்கள். 9 என்பது எ-11, 25 என்பது எ-31, 49 என்பது எ-61, 81 என்பது எ-121, 121 என்பது எ-171. எல்லாம் 1-ல் முடிகின்றன. எவ்வளவு பெரிய ஒற்றைப்படை எண்ணை எடுத்து வர்க்கப்படுத்தினாலும் இதில் விலக்கே கிடையாது. கடைசி 1-ஐ வெட்டிவிட்டு மிச்சத்தைப் பத்தின் முறைக்கு மாற்றிப் படித்தால் இன்னும் அழகு: 1, 3, 6, 10, 15. முக்கோண எண்கள் வரிசையாக வருகின்றன. காரணம் நீண்டதல்ல. ஒற்றைப்படை எண்ணை 2k+1 என்று வைத்தால் அதன் வர்க்கம் 4k(k+1)+1. அடுத்தடுத்த இரண்டு எண்களான k, k+1 இரண்டில் ஒன்று நிச்சயம் இரட்டைப்படை. ஆகவே அவற்றின் பெருக்கல் ஒரு முக்கோண எண்ணின் இருமடங்கு. வர்க்கம் அந்த முக்கோண எண்ணின் எட்டு மடங்குடன் ஒன்று. 2025-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: 45-ன் வர்க்கம், எண்மத்தில் எ-3751. கடைசி 1 போனால் எ-375, அதாவது 253. அது 1 முதல் 22 வரையிலான கூட்டுத்தொகை. பத்தின் எழுத்தில் 2025-ஐ எவ்வளவு நேரம் பார்த்தாலும் இந்த 22 கண்ணில் படாது.

இரட்டைப்படை எண்களின் வர்க்கங்கள் எண்மத்தில் 0-லோ 4-லோ முடியும். ஆகவே எந்த வர்க்கத்துக்கும் கடைசி இலக்கம் 0, 1, 4 என்ற மூன்றில் ஒன்று. பத்தின் முறையில் வர்க்கங்கள் 0, 1, 4, 5, 6, 9 என்று பத்தில் ஆறு இலக்கங்களில் முடியலாம். எண்மத்தில் எட்டில் மூன்றுதான். வடிகட்டி அங்கே இறுக்கமாகிறது. இந்த மூன்று இலக்கங்களை வைத்தே மேலும் போகலாம். 0, 1, 4 இவற்றில் ஏதேனும் மூன்றைக் கூட்டி, எட்டுகளைக் கழித்துப் பாருங்கள்: 0 முதல் 6 வரை எல்லாம் கிடைக்கும், 7 மட்டும் கிடைக்காது. அதனால் எண்மத்தில் 7-ல் முடியும் எந்த எண்ணையும் மூன்று வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுத முடியாது. 15-க்கும் 23-க்கும் நான்கு வர்க்கங்கள் வேண்டியிருப்பதன் காரணம் அவற்றின் கடைசி எண்ம இலக்கத்திலேயே எழுதியிருக்கிறது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. ‘எட்டால் வகுத்த மீதி’ என்று சொன்னால் போதாதா, எண்மத்தில் எழுதித்தான் ஆக வேண்டுமா என்று கேட்பார்கள். போதும்தான். பத்தின் எழுத்திலேயே கடைசி மூன்று இலக்கங்களை எட்டால் வகுத்தால் அதே மீதி வரும், ஆயிரம் எட்டின் மடங்கு என்பதால். ஆகவே ஒற்றைப்படை வர்க்கத்தின் இந்தக் குணம் எண்ணுக்கே உரியது. எண்மம் அதை உண்டாக்கவில்லை, வெளிச்சத்தில் வைக்கிறது. அப்படியானால் ஏன் எட்டு, ஏன் பதினாறு இல்லை என்பது இரண்டாவது கேள்வி. இன்றைய கணினியில் ஒரு பைட்டுக்கு எட்டு பிட். எண்ம இலக்கம் மூன்று பிட்டை எடுத்துக்கொள்ளும். எட்டை மூன்றால் சரியாகப் பிரிக்க முடியாது, நாலால் பிரிக்கலாம். கணினி வேலையில் பதினறும முறை முந்திக்கொண்டதற்கு இதுவே காரணம், அதை மறுக்க முடியாது. ஆனால் நம் விஷயத்தில் எட்டுக்கு ஒரு தனியிடம் உண்டு. ஒற்றைப்படை வர்க்கங்களைப் பதினாறால் வகுத்தால் மீதி 1 ஆகவும் வரும், 9 ஆகவும் வரும். இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு என்று ஏறிப் போகையில் எல்லா ஒற்றைப்படை வர்க்கங்களும் ஒரே இலக்கத்தில் முடியும் கடைசிப் படி எட்டு.

கேம்பின் எண்ணுக்குத் திரும்புவோம். எ-1442571 என்பதன் கடைசி இலக்கம் 1, ஆகவே அது வர்க்கமாக இருக்கத் தடை இல்லை. ஆனால் 1-ஐ வெட்டினால் வரும் 51375 முக்கோண எண் அல்ல (320-வது முக்கோண எண் 51360, அடுத்தது 51681). ஆக வர்க்கம் இல்லை. இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையா? 3-லோ 7-லோ முடிந்திருந்தால் தேடவே வேண்டாம். 0, 1, 4 இவற்றில் இரண்டைக் கூட்டி அவற்றைப் பெற முடியாது. 1-ல் முடிவதால் தேடலாம். ஒன்று ஒற்றைப்படை, அதன் வர்க்கம் 1-ல் முடியும். மற்றதன் வர்க்கம் 0-ல் முடிய வேண்டும், ஆகவே அந்த எண் நாலின் மடங்கு. இந்தக் குறிப்போடு தேடினால் கிடைப்பது கையில் வைத்துக் கொண்டாடத் தக்கது: 400-ன் வர்க்கம் 160000, 501-ன் வர்க்கம் 251001, இரண்டையும் கூட்டினால் 411001.

இது கிடைத்ததும் இன்னொரு கதவு திறக்கிறது. 400-க்கும் 501-க்கும் பொதுக் காரணி இல்லை. அப்படிப்பட்ட இரண்டு வர்க்கங்களைக் கூட்டி வரும் ஒற்றைப்படை எண்ணின் ஒவ்வொரு பகாக் காரணியும் எண்மத்தில் 1-லோ 5-லோ முடிந்தே ஆக வேண்டும். 411001-ன் வர்க்கமூலம் 641-க்குச் சற்றே மேல். அது பகா எண்ணா என்று பார்க்க 641 வரையிலான 116 பகா எண்களாலும் வகுத்துப் பார்ப்பது பாமர வழி. 1, 5 இரண்டில் முடிபவை மட்டும் போதும் என்றால் 55 ஆகக் குறைகிறது. அந்த 55-ஆலும் வகுபடவில்லை. 411001 பகா எண். 1 அல்லது 5-ல் முடியும் பகா எண் ஒவ்வொன்றையும் இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதலாம், அதுவும் ஒரே ஒரு வழியில்தான் என்பது 17-ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா சொல்லி, 18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர் நிறுவியது. ஆகவே 400, 501 என்ற இந்த ஜோடியைத் தவிர வேறு ஜோடி இல்லை. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: பகா எண்களைச் சலித்தெடுப்பதில் பத்தின் எழுத்து எண்மத்தைவிடச் சிறந்தது. பத்தில் 1, 3, 7, 9 என்ற நான்கு முடிவுகளுக்குள் (2, 5 நீங்கலாக) அடக்கிவிடலாம். எண்மமோ ஒற்றைப்படை எண்களை எல்லாம் உள்ளே விடும். எண்மத்தின் பலம் பகா எண்ணைப் பிடிப்பதில் இல்லை, பிடித்த பகா எண்ணின் இனத்தைச் சொல்வதில் இருக்கிறது.

இலக்கக் கூட்டல் வேறு வகை. பத்தில் இலக்கங்களைக் கூட்டி 9-ஆல் வகுபடுமா என்று பார்ப்பது பள்ளிப் பாடம். எண்மத்தில் அதே வேலையை 7 செய்கிறது, ஏனென்றால் அடிமானத்துக்கு ஒன்று குறைந்த எண் அது. எ-1442571-ன் இலக்கங்களைக் கூட்டினால் 24. ஏழால் வகுத்தால் மீதி 3. 411001-ஐ நேராக வகுத்தாலும் மீதி 3. பத்தில் 11-க்குச் செய்யும் கூட்டல் கழித்தல் முறை எண்மத்தில் 9-க்கு உதவும்: வலமிருந்து 1−7+5−2+4−4+1 என்றால் −2, அதாவது 9-ன் மீதி 7. பத்தின் எழுத்தில் 4+1+1+0+0+1 என்று கூட்டினாலும் 7 தான். ஒன்பதின் மீதி எண்ணுக்கு உரியது, எந்த எழுத்திலும் 7. அதைக் கண்டுபிடிக்கும் வழி எழுத்துக்கு உரியது, ஒன்றில் வெறும் கூட்டல், மற்றதில் கூட்டலும் கழித்தலும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் 9-க்கு ஏதோ மாயசக்தி இருப்பதாகச் சோதிடக் கணக்குகள் பேசுகின்றன. எட்டு விரல் உள்ள மக்கள் இதே பெருமையை 7-க்குத் தந்திருப்பார்கள்.

கேம்புக்கு மேற்கே, இதே புனேயின் ஃபெர்குசன் கல்லூரியில் படித்தவர் தத்தாத்ரேய ராமச்சந்திர காப்ரேகர் (1905–1986). தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே எண்களை ஆராய்ந்தவர். இலக்கங்களை இறங்குவரிசையில் அடுக்கி, ஏறுவரிசையில் அடுக்கியதைக் கழித்து, வந்ததை மறுபடி அப்படியே செய்துகொண்டு போனால் நாலிலக்க எண்கள் 6174-ல் வந்து நிற்கும் என்று காட்டியவர். எல்லா இலக்கமும் ஒன்றாக இருப்பவை மட்டும் விலக்கு. மூன்றிலக்கத்தில் அந்த இடம் 495. இதை எண்மத்தில் செய்து பார்ப்பது இந்த அத்தியாயத்தின் மிகச் சிறந்த பயிற்சி. மூன்றிலக்க எண்மத்தில் முதல் கழித்தலுக்குப் பின் ஏழே விடைகள்தான் வரக்கூடும்: 077, 176, 275, 374, 473, 572, 671. எங்கே தொடங்கினாலும் முடிவு எ-374. எ-743-லிருந்து எ-347-ஐக் கழியுங்கள். மறுபடி எ-374 தான். 495-ல் நடு இலக்கம் பத்துக்கு ஒன்று குறைவு, கடைசி இலக்கம் பத்தில் பாதி, முதலாவது அதற்கும் ஒன்று குறைவு. 374-ல் எட்டுக்கு அதே அமைப்பு. ஆனால் நாலிலக்கத்தில் எண்மம் கைவிரித்துவிடுகிறது. அங்கே நிலைத்து நிற்கும் எண்ணே இல்லை. ஒரு கூட்டம் 6152, 5243, 3065 என்ற மூன்றில் சுற்றுகிறது. இன்னொரு கூட்டம் 3774, 4244, 1776, 6062, 6332 என்ற ஐந்தில் சுற்றுகிறது. ஆகவே 495 இரட்டைப்படை அடிமானங்களின் பொதுச் சொத்து. 6174 எண்மத்துக்கு வர மறுக்கிறது. அது பத்தோடு ஒட்டிய செய்தி.

கணித மேதை ஹார்டி 1940-ல் வெளியிட்ட நூலில், 8712, 9801 இரண்டும் தம்மைத் திருப்பி எழுதிய எண்ணின் மடங்குகள் என்பதைச் சொல்லி, இது புதிர்ப் பக்கத்துக்கு உரியது, கணிதருக்கு இதில் ஒன்றுமில்லை என்று ஒதுக்கினார். இந்தத் தீர்ப்பை அப்படியே ஏற்க எனக்கு மனமில்லை. 1089-ஐ 9-ஆல் பெருக்கினால் 9801. எண்மத்தில் எ-1067-ஐ 7-ஆல் பெருக்கினால் எ-7601. 2178-ஐ 4-ஆல் பெருக்கினால் 8712. எ-2156-ஐ 3-ஆல் பெருக்கினால் எ-6512. இரண்டும் அடிமானம் மாறினாலும் உருவம் மாறாமல் தொடர்கின்றன. இடமதிப்பு என்ற எழுத்து முறைக்கே உரிய விதி இது. எழுத்தின் குணம் என்பதாலேயே ஒன்றை அற்பம் என்று தள்ளக் கூடாது. எண்ணுக்கு உரியது, இடமதிப்புக்கு உரியது, பத்துக்கு மட்டும் உரியது என்று மூன்றாகப் பிரிக்க வேண்டும். பிரிக்கும் கருவி, வேறொரு அடிமானத்தில் எழுதிப் பார்ப்பது.

பின்கோடு வெறும் அடையாளம்தானே, அது பகா எண்ணாக இருந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. உண்மை, 411001 பகா எண் என்பது கேம்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. புனேயின் லோஹேகாவ் விமான தளத்தில் இறங்கும் விமானங்களுக்குத் தரப்படும் நாலிலக்கக் குறியீடும் அப்படித்தான். ஒவ்வொரு இலக்கமும் 0 முதல் 7 வரை, மொத்தம் 4096 குறியீடுகள். 7700 ஆபத்து, 7600 வானொலி செயலிழப்பு, 7500 கடத்தல். அவற்றை யாரும் கூட்டுவதோ பெருக்குவதோ இல்லை. எடுத்துக்காட்டு எங்கிருந்து வந்தாலும் கணக்கு கணக்குத்தான், முறையைக் கைவசமாக்கக் கண்ணில் பட்ட எண்ணே போதும் என்பதுதான் என் பதில்.

ஆகவே பயிற்சிக்குச் சென்னையின் 600001-ஐ எடுங்கள். எண்மத்தில் எ-2223701. 001-ல் முடியும் எல்லாப் பின்கோடுகளையும் போல இதுவும் எண்மத்தில் 1-ல்தான் முடியும். அதை வைத்து இதுவும் இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். எட்டின் கனத்தோடு ஒன்றைக் கூட்டினால் 513, அது 27-ஐ 19-ஆல் பெருக்கியது. ஆகவே எண்ம இலக்கங்களை வலமிருந்து மும்மூன்றாகப் பிரித்துக் கூட்டிக் கழித்தால் 19-ன் மீதி தெரியும். எ-701 என்பது 449, எ-223 என்பது 147, மிச்சம் 2. 449−147+2 என்றால் 304, அது 19-ன் பதினாறு மடங்கு. 600001 என்பது 19-ஐ 31579-ஆல் பெருக்கியது. 19 எண்மத்தில் எ-23, 3-ல் முடிகிறது. கூட்டும் இரண்டு எண்களுக்கும் 19 பொதுக் காரணியாக இருந்தால் மட்டுமே அது இங்கே வர முடியும், அப்போது அது இருமுறை வந்தாக வேண்டும். ஆனால் 31579-க்குள் இன்னொரு 19 இல்லை. ஆகவே எந்த இரண்டு வர்க்கங்களைக் கூட்டினாலும் 600001 வராது. அடுத்து உங்கள் ஊர் பின்கோட்டை எடுத்து, எட்டால் வகுக்கத் தொடங்குங்கள்.